பதினாறாயிரம் சீட்டு

அம்மாசிக்குச் சேரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து நாலு ரூபாய். கொடுக்கவேண்டியது கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் இருந்த பொன்னுரங்கம் முதலாளியின் சேகோ மில். அறுபத்தேழு மூட்டை மரவள்ளிக் கிழங்கு, மூட்டைக்கு முப்பத்திரண்டு ரூபாய். கிழங்கு அரைபட்டு, மாவாகி, ஜவ்வரிசியாகி, ஏதோ ஒரு ஊர்க் கல்யாணத்தில் பாயசமாகவும் ஆகியிருக்கும். காசு மட்டும் ஏழு வாரமாக வரவில்லை. பணம் மில்லின் பணம்தான். ஆனால் அம்மாசியைக் கேட்டால் கடன்காரன் முதலாளி இல்லை, கணக்குப்பிள்ளை காசிநாதன் என்றுதான் சொல்வார். வெள்ளிமலைக்கு மேற்கே மலைமேல் இருந்த அந்தப் பதினைந்து வீட்டுக்கும் காலால் ஏறிப்போய், "எங்க மில்லுக்குப் போடுங்க. பதினஞ்சு நாள்ல காசு. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்தானே.

காசிநாதன் படித்தது ஆறாம் வகுப்பு. சங்கராபுரத்துப் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பம். பன்னிரண்டு வயதில் கள்ளக்குறிச்சியில் சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் மாட்டினான். பதினெட்டில் மில்லில் மூட்டை தூக்கினான். இருபத்தைந்தில் எடைமேடைக்கு வந்தான், முப்பதில் கணக்கு மேசைக்கு. யாரும் கைகொடுத்து ஏற்றிவிடவில்லை, ஏறினான். எண்பத்தாறாம் வருடம் முதலாளி இரண்டே கால் லட்சம் போட்டு மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் இறக்கியபோது, பி.காம் முடித்திருந்த இரண்டு பேர் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நின்றார்கள். காசிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்று மாதத்தில் அவனுக்கு அது வசப்பட்டுவிட்டது. அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் எத்தனையோ வக்கீல், எத்தனையோ டாக்டர். யுனிக்ஸ் என்ற பெயரைச் சொன்னால் தலையாட்டக்கூடியவன் இந்த ஆறாம் கிளாஸ் ஒருவன்தான். நம்பாதவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்கள் பாடு.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பொருத்தியவன் ஆல்பர்ட். சங்கராபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்துப் பையன், மெட்ராஸ் கம்பெனியில் எஞ்சினியர். சீட்டு எல்லாவற்றையும் ஒரே நீளமான ஃபைலில் போட்டுவிடலாம் என்றான் அவன். சீட்டு என்றால், எடைமேடையில் ஒவ்வொரு லோடுக்கும் கிழித்துக் கொடுப்பது. ஆள் பெயர், ஊர், மூட்டை, கிழங்கின் மாவுச்சத்துக்கான பாயிண்டு எல்லாம் அதில் இருக்கும். காசிநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. எழுபத்தொன்பதில் ஒரு பேரேடு மாவுத் தொட்டியில் விழுந்து பதினாலு ஊர்க் கணக்கு கரைந்துபோனதைப் பார்த்தவன் அவன்.

"ஒரு சீட்டு கெட்டா ஒரு ஆளு. பொஸ்தகம் கெட்டா பதினாலு ஊரு. தனித்தனியா போடு தம்பி."

"நெறைய ஃபைலு ஆயிடும்ண்ணா."

"ஆவட்டும். சீட்டுன்னா சீட்டா இருக்கணும்."

ஆல்பர்ட் அப்படியே செய்துகொடுத்துவிட்டுப் போனான். ஒரு சீட்டு, ஒரு ஃபைல். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. லாரிக்கு ஒரு சீட்டு, லாரியில் நூறு மூட்டை. ஒரு சீசனுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஃபைல். அவ்வளவுதான்.

எண்பத்தேழு புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைமறியல் நடந்தது. ரோட்டுக்கு ரோடு புளியமரம் சாய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் காசிநாதன் மனைவி கண்ணகிக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, சங்கராபுரம் ரோட்டில் கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனான். மறியலில் நின்றவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களே ஓடிவந்து மரத்தைத் தூக்கி வழி விட்டார்கள். ஏழு இடத்தில் தூக்கினார்கள். ஓர் இடத்தில் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், ஊசியும் இருந்தது. எல்லாம் நடக்கவேண்டியபடியே நடந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கு அவள் செத்துப்போனாள். குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்திருந்தாலாவது கோபம் வந்திருக்கும். ஆள் இல்லை, கோபமும் வரவில்லை, வேறு ஒன்றும் வரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் வேலை பார்த்த விதத்தை அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். கணக்கில் ஒரு தப்பு கிடையாது. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறப்பான், பார்ப்பான், மூடுவான். மழை பெய்கிறது என்பது ஜனங்கள் நனைந்து வருவதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரியும். யாராவது பேசினால் பதில் சொல்வான். பேசாவிட்டால் அவனும் பேசமாட்டான்.

மறியல் முடிந்தும் லாரி ஓடவில்லை. மறுபடி மறியல் வரும் என்ற பேச்சு அடங்கவே இல்லை, லாரிக்காரர்கள் மலைப்பக்கம் வரப் பயந்தார்கள். ஆனால் பிடுங்கிய கிழங்கு மூன்று நாளைக்கு மேல் தாங்காது, கறுத்துவிடும். ஆகவே ஜனங்கள் கையில் கிடைத்ததில் எல்லாம் கொண்டுவந்தார்கள். மாட்டுவண்டி, கழுதை, சைக்கிள் கேரியர், தலைச்சுமை. இரண்டு மூட்டைக்கு ஒரு சீட்டு, ஒரு மூட்டைக்கும் ஒரு சீட்டு. அம்மாசியின் அறுபத்தேழு மூட்டைக்கு இருபத்தொன்பது சீட்டு. நாளுக்கு நூறு சீட்டுக்குக் குறையாமல் விழுந்தது. மறியலில் நஷ்டம் என்று சொல்லி முதலாளி ஆறு வாரம் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. கடைசியில், கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை மொத்தப் பாக்கியும் கொடுப்பதாகச் சொன்னார். காசிநாதன் மலைக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்.

அந்த வாரம் திங்கள்கிழமை காலை டெர்மினலில் சீட்டு ஏற்றிக்கொண்டிருந்த ஜெயசுதா கூப்பிட்டாள். டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிய பெண், விரல் வேகம் அதிகம்.

"அண்ணா, இங்க வந்து பாருங்க. சீட்டு ஏற மாட்டேங்குது."

திரையில் 'அவுட் ஆஃப் ஐநோட்ஸ்' என்று வந்திருந்தது. மறுபடி தட்டினாள், மறுபடியும் அதுவே வந்தது.

"டிஸ்க்கு ரொம்பிப்போச்சா?"

"அதான் புரியல. பதினாலாயிரம் பிளாக் காலியா இருக்குதுன்னு காட்டுது. முக்காவாசி காலி. ஆனா ஒரு சீட்டு வைக்க எடமில்லைங்குது."

காசுப் பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். பட்டியல் எழுதவும் புதிதாக ஒரு ஃபைல் வேண்டும். அதற்கும் இடமில்லை என்றது. பழையதை அழிக்கலாம் என்றால், போன வருடத்துச் சீட்டை ஏற்கெனவே அழித்தாகிவிட்டது. டிஸ்க்கில் இருந்தது அத்தனையும் காசு கொடுக்காத சீட்டு. காசிநாதன் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டான். ஆல்பர்ட் புதன்கிழமை வருவான் என்றார்கள்.

முதலாளி பொன்னுரங்கம் விஷயத்தைக் கேட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார்.

"மிசினுக்கு வவுறு ரொம்பிப்போச்சா? நான் இன்னா பண்ணட்டும் காசி?"

"கையால பட்டியல் எழுதிடறேன் மொதலாளி. ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்."

"ரெண்டே கா லட்சம் போட்டது அலங்காரத்துக்கா? மிசினு பட்டியல் இல்லாம ஒத்த ரூவா வெளிய போவக்கூடாதுன்னு ரூல் போட்டது யாரு? நான் போட்டனா?"

"நான்தான்."

"அப்புறம்? உன் ரூல நீயே ஒடைக்கலாமா? தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

மூன்று லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் இன்னும் ஒரு மாதம் தன் கையில் புரளும் என்பதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சேலத்தில் ஜவ்வரிசி ஏலத்துக்குக் காரில் கிளம்பிப் போனார். வெள்ளிக்கிழமை வருவேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை அம்மாசி வந்தார். அறுபது வயது, தலையில் துண்டு, இடுப்பில் சொருகிய கொடுவாள். ஆபீஸ் வாசலிலேயே குந்திக்கொண்டார்.

"இன்னா கணக்குப்புள்ளே, உங்க மிசினு இன்னாதான் சொல்லுது?"

"எடமில்லைங்குதுங்க."

"எடமா? அம்மாம் பெரிய பொட்டிக்கா? எங்க காட்டுல எடம் கெடக்குது. தூக்கியாந்து வெச்சிக்கச் சொல்லு."

ஜெயசுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காசிநாதன் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அம்மாசி குரலை இறக்கினார்.

"பொண்ணு கல்யாணத்துக்குக் கச்சிராயபாளையத்துக்காரன்கிட்ட ரெண்டு காணிய அடமானம் வெச்சேன். வெள்ளிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள ரெண்டாயிரம் வெக்கலன்னா சனிக்கெழம அவன் ஏரு கட்டிடுவான். கட்டிட்டான்னா அப்புறம் அது அவன் காடு. எனுக்கு மிசினு தெரியாது. மொதலாளி தெரியாது. வூட்டுக்கு வந்து சொன்னது நீங்கதான்."

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

"வெள்ளிக்கெழம வரட்டுங்களா?"

"வாங்க."

சொல்லிவிட்டான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

புதன்கிழமை மத்தியானம் ஆல்பர்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அரை மணி நேரம் தட்டிப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அண்ணா, ஐநோடு தீர்ந்துபோச்சு."

"இன்னா அது?"

"ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்குல ஒரு ஐநோடு வேணும். ஃபைலு எங்க இருக்குது, எவ்ளோ பெருசு, யாருதுன்னு எழுதி வெக்கிற எடம். டிஸ்க்க மொத மொதல்ல பிரிக்கும்போதே எத்தனை ஐநோடுன்னு சொல்லிடணும். சொல்லலன்னா மிசினே நாலு பிளாக்குக்கு ஒண்ணுன்னு போட்டுக்கும். இருபதாயிரம் பிளாக்கு, ஐயாயிரம் ஐநோடு. நம்ம சீட்டு ஐயாயிரத்தத் தொட்டுடுச்சு. அப்புறம் கூட்ட முடியாது."

"நீ எத்தனைன்னு சொன்ன?"

"சொல்லல. எண்டர் தட்டிட்டேன்."

"ஏன் தட்டுன?"

"எல்லாரும் அதத்தாண்ணா தட்டுவாங்க."

படித்தவனுக்கு விளங்க ஒரு புத்தகம் வேண்டியிருக்கும், காசிநாதனுக்கு ஒரு சைக்கிள் ஸ்டாண்டு போதும்.

"இங்க பாரு தம்பி. சைக்கிள் ஸ்டாண்டுல மைதானம் பாதி காலியா இருக்கும். ஆனா ஸ்டாண்டுக்காரன் ஐநூறு டோக்கன்தான் அடிச்சி வெச்சிருப்பான். ஐநூத்தி ஒண்ணாவது ஆளு வந்தா எடம் இருந்தும் திருப்பி அனுப்பணும். டோக்கன் இல்லாம வண்டிய வுட்டா யாருதுன்னு தெரியாது. அதான?"

ஆல்பர்ட் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "அதேதாண்ணா."

"அந்த பிளாக்குன்றது வண்டி நிறுத்தற கட்டம். ஒரு கட்டத்துல எவ்ளோ புடிக்கும்?"

"ஆயிரத்து இருவத்தி நாலு எழுத்து."

"நம்ம சீட்டுல இருநூறு எழுத்துகூட இல்ல. சைக்கிளுக்கு மாட்டுவண்டி எடத்த வுட்டு வெச்சிருக்கிற."

"பெரிய பிளாக்குனா வேகம் ஜாஸ்திண்ணா. அதான் வழக்கம்."

"தலையில மூட்டைய வெச்சிக்கினு மலை எறங்கி வரான். அவனுக்கு எதுக்கு வேகம்? கட்டத்தப் பாதியாக்கு."

ஆல்பர்ட் காகிதத்தில் கணக்குப் போட்டான். பாதியாக்கினால் நாற்பதாயிரம் கட்டம். ஆனால் டிஸ்க்கை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத்தான் பிரிக்கவேண்டும். இருப்பதை பிளாப்பியில் எடுத்துவைத்துக்கொண்டு, அழித்து, பிரித்து, திரும்ப ஏற்றவேண்டும்.

"எத்தனை டோக்கன் போடட்டும்ண்ணா? பத்தாயிரம் போதுமா?"

இந்த ஒரு கேள்விக்கு மெட்ராஸில் பதில் கிடையாது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. லாரி வருமா வராதா, எந்த ஊரில் எத்தனை வீடு கிழங்கு போட்டிருக்கிறது, எந்த வீட்டில் கழுதை உண்டு, எந்த வீட்டில் தலைச்சுமை மட்டும்தான் என்று தெரிந்தவன் சொல்லவேண்டியது. காசிநாதன் நாற்காலியில் உட்கார்ந்து ஊர் ஊராக எண்ணினான். கண்ணகி மலையடிவாரத்து ஊரில் பிறந்தவள். பாதி வீடுகளை அவனுக்குச் சொன்னவளே அவள்தான். முருங்கைமரத்து வீடு, மூன்று காணி. ஊமைப்பையன் வீடு, ஒரு காணி, மாடு இல்லை. அவள் சொன்ன வரிசையிலேயே எண்ணிக்கொண்டு போனான். அவள் குரல் கேட்கும் என்று எதிர்பார்த்தான். எண்தான் வந்தது. பங்குனி முடிய இன்னும் பதினோராயிரம்.

"இருக்கறது அஞ்சு. வர்றது பதினொண்ணு. பதினாறாயிரம் போடு."

"அவ்ளோ வராதுண்ணா. டோக்கன் எழுதவே ரெண்டாயிரம் கட்டம் போயிடும்."

"போவட்டும். மீதி முப்பத்தெட்டாயிரம் இருக்குதில்ல? இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரே கொட்டடியில போடாத. தேட நேரமாவுது. ஊருக்கு ஒரு அறையா பிரி."

வியாழக்கிழமை காலை ஜெனரேட்டரை ஓட்டச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். ஐந்து பிளாப்பியில் சீட்டு முழுவதும் ஏறியது. ஆல்பர்ட் பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தான். டிஸ்க்கை அழிக்க வாடிக்கையாளர் சம்மதம், கம்பெனி ரூல்.

"மொதலாளி கையெழுத்து வேணும்ண்ணா."

"அவரு நாளைக்குத்தான் வருவாரு. வந்தா போட மாட்டாரு."

"அப்புறம் எப்படி?"

காசிநாதன் ஃபாரத்தை வாங்கி, முதலாளி பெயருக்கு மேல் தன் கையெழுத்தைத் தமிழில் போட்டான்.

"அண்ணா, போச்சுன்னா?"

"போச்சுன்னா நான் போறேன். தட்டு."

ஆல்பர்ட்டுக்கு விரல் எழவில்லை. "நீங்களே தட்டுங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டான். காசிநாதன் உட்கார்ந்தான். மூன்று லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்க் கணக்கு, பதினாறு வருட மில் வேலை எல்லாம் ஒரு பொத்தானுக்கு அடியில் இருந்தது. நல்ல நாளாக இருந்திருந்தால் அவனுக்கும் நெஞ்சு அடித்திருக்கும். கையை நீட்டினான். வேறு யாருடையதோ போல அது போய் எண்டரைத் தட்டியது.

ஐந்து நிமிடத்தில் டிஸ்க் புதிதாகப் பிரிந்துவிட்டது. பதினாறாயிரம் டோக்கன். முதல் பிளாப்பி, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் ஒழுங்காக ஏறின. நாலாவது பாதியில் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுபோனது. ஆல்பர்ட் உறையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளையாக ஒரு கீற்று. மாவு. அந்த மில்லில் மாவு படியாத பொருள் கிடையாது. தலைமயிர், டீ கிளாஸ், சாமி படம், எல்லாவற்றிலும் இருக்கும். பிளாப்பியிலும் இருந்தது.

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு சீட்டு போச்சுண்ணா." அவன் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாம் மலை ஊருங்க."

ஜெயசுதா அழ ஆரம்பித்தாள். காசிநாதன் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து எடைமேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனான். கம்ப்யூட்டர் வந்த பிறகு கார்பன் சீட்டு குப்பை, எரித்துவிடு என்று முதலாளி இரண்டு தடவை சொல்லியிருந்தார். காசிநாதன் எரிக்கவில்லை. தன்னையே முழுசாக நம்பாதவன் இரண்டு லட்ச ரூபாய்ப் பெட்டியை நம்புவானா? கம்பியில் கோத்து, ஊர்வாரியாகத் தொங்கவிட்டிருந்தான். ஆறு கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டான்.

"மூணு டெர்மினலு, மூணு பேரு. ஆளுக்கு ரெண்டு கம்பி. அழுதுக்கினே அடிக்கலாம் வாம்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

அன்று பொழுது சாயும்வரையும், மறுநாள் விடிந்து ஒன்பது மணிவரையும் அடித்தார்கள். காசிநாதனுக்கு இரண்டு விரல்தான். ஆனாலும் ஒரு சீட்டு தப்பவில்லை. அம்மாசியின் இருபத்தொன்பதும் அவன் கம்பியில்தான் இருந்தன. கண்ணகியின் ஊர்ப் பெயரும் அந்தக் கம்பியில் வந்தது. முதல் தடவை அடித்தபோது விரல் ஒரு நொடி நின்றது. நாற்பதாவது தடவை அது வெறும் ஆறு எழுத்து.

முதலாளி வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே இருநூறு பேர் காத்திருந்தார்கள். காரை அவர்களுக்கு நடுவே ஊர்ந்துதான் ஓட்டிவரவேண்டியிருந்தது. ஆல்பர்ட்தான் உண்மையைச் சொல்லிவிட்டான், பயம்.

"யாரக் கேட்டுடா அழிச்ச?"

"யாரையும் கேக்கல மொதலாளி."

"என் பேரு மேல கையெழுத்து போட்டிருக்கிற!"

"பேரு உங்களுது. கையெழுத்து என்னுது. ஏமாத்தல."

பொன்னுரங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"பொண்டாட்டி செத்ததிலேருந்து உனுக்குப் பயம் வுட்டுப்போச்சுடா காசி."

காசிநாதனுக்குச் சுருக்கென்று இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். அவன் அதை ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் யோசித்துப் பார்த்தான்.

"ஆமா மொதலாளி. பயம் இல்லதான். பட்டியல் தயாரா இருக்குது. மிசினு போட்டது. ரூல் பிரகாரம்."

வெளியே யாரோ கேட்டைத் தட்டினார்கள். பிறகு இன்னும் நாலு பேர் தட்டினார்கள். மறியல் பார்த்த வருடம் அது. இருநூறு பேர் கேட்டில் நின்றால் என்ன ஆகும் என்பதை முதலாளிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பேனாவை வாங்கிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார், பணப்பெட்டிச் சாவியை மேசைமேல் எறிந்தார்.

பங்குனி கடைசியில் சீட்டு எண் பதினைந்தாயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் போய் நின்றது. ஆல்பர்ட் சொன்ன பத்தாயிரத்தைப் போட்டிருந்தால் மாசியிலேயே மறுபடி முட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கக் காசிநாதன் அங்கே இல்லை. கார்த்திகை முடிந்ததுமே முதலாளி சம்பளத்தைத் தீர்த்து அவனை அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் காசிநாதன் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டான். பதினோரு மில் கணக்கு அங்கே ஓடியது. மெட்ராஸிலிருந்து எஞ்சினியர்கள் வந்து, டிஸ்க்கை எப்படிப் பிரிக்கலாம் என்று அவனைக் கேட்டுவிட்டுப் போனார்கள். எண்டர் தட்டவா என்று கேட்டவனிடம், எத்தனை சீட்டு வரும் என்று விசாரித்தாயா என்று அவன் திருப்பிக் கேட்பான். கடையில் ஒரு படம்கூட மாட்டவில்லை. கண்ணகிக்கு ஒரு போட்டோ எடுத்ததே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பட்டியல் பிரகாரம் காசு ஜன்னலில் கொடுத்தார்கள். ஜெயசுதா பெயரைப் படித்தாள், காசிநாதன் எண்ணிக் கொடுத்தான். அம்மாசியின் முறை வந்தபோது மணி இரண்டரை. கச்சிராயபாளையத்துக்கு மூன்று மணி பஸ் இருந்தது. காசிநாதன் நோட்டுகளைப் பலகைமேல் வைத்து நகர்த்தினான். அம்மாசி எடுக்கவில்லை.

"பலகையில வெச்ச காசு பலகையோடது. கையில குடுங்க கணக்குப்புள்ளே. எண்ணிக் குடுங்க."

கொடுவாளைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, வலது கையை ஜன்னல் கம்பிக்குள் நீட்டி விரித்தார். உள்ளங்கை முழுக்கக் கிழங்குப் பாலின் கறை. காசிநாதன் நோட்டுகளைத் திரும்ப எடுத்து, தன் இடது கையால் அந்தக் கையைக் கீழே தாங்கிக்கொண்டான். கை சூடாக இருந்தது. நூறு ரூபாயாக ஒவ்வொன்றாய் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மாசியும் உதட்டுக்குள் கூடவே எண்ணினார். இருபத்தொன்று. பிறகு இருபது ரூபாய் இரண்டு. பிறகு ஒற்றை ரூபாய்.

"ஒண்ணு."

"ஒண்ணு."

"ரெண்டு. மூணு."

"மூணு."

"நாலு."

அம்மாசி விரல்களை மடக்கினார்.